டீச்சர், எந்த நாடு வேண்டும்?

“சார், முதல்முதலா வெளிநாட்டு வேலைக்குப் போறேன். எந்த நாடு நல்லது?” என்று கேட்டார் எங்கள் தெரு டீச்சர். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேர்ச்சி. டெட் எழுதினால் வேலை என்றார்கள், எழுதினார். 2018-ல் அரசாணை 149 வந்தது. தேறியதெல்லாம் சரி, நியமனத்துக்கு இன்னொரு தேர்வு எழுது என்றது. தகுதித் தேர்வில் தேறியவரின் தகுதியைச் சோதிக்க ஒரு தேர்வு! இப்போது தனியார் பள்ளியில் இருக்கிறார். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கையில் வாங்குவது வேறு தொகை.

உட்கார்ந்து உலகப் படத்தை விரித்தோம்.

தென்கொரியா? ஆங்கிலம் கற்பிக்க விசா தருகிறார்கள், ஏழு நாட்டுக்காரர்களுக்கு. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் போதும், பாஸ்போர்ட் மட்டும் அந்த ஏழில் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியருக்கு 2010-ல் நடப்புக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு சந்து உண்டு. சுங்கவரிப் பட்டியலுக்கு நடுவில் டீச்சர். அதுவும் உதவி ஆசிரியராக!

இங்கிலாந்து? 2023 பிப்ரவரியிலிருந்து இந்திய ஆசிரியர்களும் அங்கே ஆசிரியர் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். கணிதம், அறிவியல், மொழிகள். மொழிகளில் ஆங்கிலம் சேராது. நம் தலையில் ஆங்கிலத்தைக் கட்டிவிட்டுப் போனவன், அதைக் கற்றுக்கொடுக்க நம்மை வேண்டாம் என்கிறான். சரி, அவன் மொழி, அவன் இஷ்டம்.

துபாய்? ஒரே தெருவில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியும் இருக்கும், இந்தியப் பாடத்திட்டப் பள்ளியும் இருக்கும். வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். சம்பளம்தான் வேறு.

மாலத்தீவு? தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் பல்லாண்டாகப் போகும் இடம். விளம்பரத்தில் வரும் நீலக்கடலும் மரவீடும் சுற்றுலாப் பயணிக்கு. டீச்சருக்கு அரை மணியில் சுற்றி வந்துவிடக்கூடிய ஒரு தீவு. சம்பளம் ரூஃபியாவில். அதை டாலராக்கி ஊருக்கு அனுப்புவதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடும்.

எங்கே போனாலும் முதலில் சான்றொப்பம். பட்டம் கொடுத்தது அரசுப் பல்கலைக்கழகம். அது உண்மைதான் என்று மாநில அரசு முத்திரை குத்த வேண்டும். மாநில அரசின் முத்திரை உண்மைதான் என்று வெளியுறவு அமைச்சகம் குத்த வேண்டும். அமீரகம் என்றால் அமைச்சகத்தின் முத்திரைக்கும் மேலே தூதரக முத்திரை. ஒரு முத்திரையை இன்னொரு முத்திரை நம்பாது. ஒவ்வொரு நம்பிக்கையின்மைக்கும் தனித்தனிக் கட்டணம். கட்டுவது டீச்சர். நிற்பதும் டீச்சர். பட்டத்தின் பின்பக்கம் பார்த்தால் பழைய தபால் உறை தோற்றுப்போகும்.

அடுத்து ஏஜென்ட். பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது விதி. விதியைச் சொன்னால் ஏஜென்ட் சிரிக்கிறார். “அது ரசீதுக்கும்மா” என்கிறார்.

கடைசியில் மாலத்தீவு என்று முடிவானது. நாங்கள் எங்கே தேர்ந்தெடுத்தோம்? மற்ற கதவுகள் சாத்தியிருந்தன.

சான்றொப்பத்துக்கு அசல் சான்றிதழ் வேண்டுமே. அது பள்ளித் தாளாளரின் பீரோவில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கிப் பூட்டியது. கேட்கப் போனார் டீச்சர். நானும் துணைக்குப் போனேன்.

“மூணு மாசச் சம்பளத்தைக் கட்டிட்டு வாங்கிக்கம்மா” என்றார் தாளாளர். தலைக்கு மேலே ‘ஆசிரியப் பணி அறப்பணி’ என்று பலகை தொங்கியது.

“எந்தச் சம்பளம் சார்? கையெழுத்துப் போட்டதா, கையில வாங்கினதா?” என்று கேட்டார் டீச்சர்.

“கையெழுத்துப் போட்டதும்மா. கணக்குன்னா கணக்கா இருக்கணும்ல?”