வேலிப் பூவுக்கு வந்த வாழ்வு

1980-களில் எங்கள் கும்பகோணம் வீட்டில் பூங்கொத்து என்றால் பிளாஸ்டிக்தான். ஷோகேஸின் மேல்தட்டில் தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில் ஆறு சிவப்பு ரோஜாக்கள். இதழ் நுனியில் எந்த வெயிலுக்கும் அசையாத பனித்துளி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சோப்புப்பொடி நுரையில் முக்கி அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுவாள் அம்மா.

கொல்லையிலோ செம்பருத்தியும் நந்தியாவட்டையும் கொட்டிக் கிடக்கும். அவை சாமி படத்துக்குப் போகும். யாருக்காவது கண் எரிந்தால் நந்தியாவட்டையை இமைமேல் ஒற்றிப் படுக்கவைப்பாள் பாட்டி. சாப்பாட்டு மேஜையில் வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, மேஜையே இல்லாததால். பிற்பாடு மேஜை வந்தபோதும் அதில் ஊறுகாய் ஜாடியும் கரண்ட் பில்லும் முந்திக்கொண்டன.

போன மாதம் சென்னையில் என் மகளின் நிச்சயதார்த்த விருந்து. மேஜை அலங்காரத்துக்கு ஒரு பெண் வந்தார். தீம், ‘எளிமை’. எளிமையை இறக்கி வைக்க ஒரு வேனும் மூன்று ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்டைச் சாய்வாக வெட்டவேண்டும். தண்ணீருக்குள் இலை இருந்தால் அழுகி நாறும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பூ மறைக்கக் கூடாது. சம்பங்கியைப் பந்தியில் வைத்தால் சாம்பார் மணக்காது. தண்டு செருகும் பச்சை நுரைக்கட்டியை அவர் தொடுவதில்லை. அது மக்காத பிளாஸ்டிக்காம். பதிலுக்கு, ஜப்பானியரின் இகெபானாவில் வரும் கென்சான் என்ற முள்தட்டை எடுத்தார். நாங்கள் பாயசம் கிண்டிய உருளியில் தண்ணீர் நிரப்பி முள்தட்டை இறக்கி, ஒரே ஒரு நந்தியாவட்டைக் கிளையை நிறுத்தினார். அழகாகத்தான் இருந்தது. ஐம்பது வருஷம் கொல்லைப்புறம் போய்வந்த நான் அந்தப் பூவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேஜை நெடுக, கோலி சோடா பாட்டிலுக்கு ஒன்றாகச் செம்பருத்தி. விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலமே வைத்துவிட்டுப் போனார். விடிந்து பார்த்தால் இருபத்து நாலும் மடக்கிய குடைபோலச் சுருண்டு நிற்கின்றன.

“ஏம்மா, அது ஒருநாள் பூவாச்சே. தண்ணியில வச்சாலும் அவ்வளவுதான், வெறுமனே வச்சாலும் அவ்வளவுதான்” என்றாள் அம்மா. மாடித் தொட்டிகளிலும் பக்கத்து வீட்டு வேலியிலும் கிடைத்ததைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். விருந்தாளிகள் அதைத்தான் படம் பிடித்தார்கள்.

பில்லில் ‘செம்பருத்தி, 24 தண்டு’ என்று இருந்தது. பூவை முழத்தில் மட்டுமே வாங்கியறிந்த அம்மா, தண்டுக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

சாமான்களை எடுத்துப்போக வந்த அந்தப் பெண் புறப்படும்போது, கும்பகோணத்து ரோஜாக்கள் இருந்த பரண்மேல் அவர் கண் போனது. “பாட்டி, அந்தப் பிளாஸ்டிக் ரோஜாவை வாடகைக்குத் தருவீங்களா? அடுத்த கல்யாணத்துக்கு எண்பதுகள் தீம்.”

“தரேன். தண்டுக்கு எவ்வளவு தருவே?” என்றாள் அம்மா.