பேர் போட்டருளிய பெருமான்கள்

மாட்சிமை தங்கிய பிரித்தானியப் பேரரசின் கருணையைப் பாட, இலங்கை மலைநாட்டுத் தமிழனாகிய எனக்கு ஒரு நா போதாது. தியத்தலாவையில் போயர் போர்க்கைதிகளின் கல்லறைகளைத் தரிசித்து வந்த நாள் முதல் நெஞ்சமெல்லாம் அதே நிறைவு.

தென்னாபிரிக்காவில் போயர் உழவர்தம் பண்ணைகளைத் தீயிட்டுத் துப்புரவாக்கி, பெண்டு பிள்ளைகளை முகாம்களில் வைத்துப் பேணி, அந்தப் பேணலிலேயே 26,000 உயிர்களுக்கு மேல் விண்ணேற்றிய வள்ளல்கள், பிடிபட்ட ஆடவரையும் மறந்தார்களில்லை. 1900 ஆகஸ்ட் தொடங்கி ஏறத்தாழ 5,000 பேருக்குக் கப்பலும் மலை ரயிலும் தந்து, தியத்தலாவையின் குளிர்காற்றையும் இலவசமாக அருளினார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் அந்தக் காற்றை விட்டுப் பிரிய மனமின்றி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். 1902இல் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்க்கெல்லாம் வீடு! எங்கல்பிரெக்ட் என்றொருவர் மறுத்தார். அவரைப் பயண அலைச்சலுக்கு ஆளாக்காமல், 1922இல் அம்பாந்தோட்டையில் கண்மூடும் வரை இங்கேயே வைத்துக் காத்தார்கள்.

அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் எம் முன்னோர்மீது பொழிந்த அருளோ இதனினும் பெரிது. எவரோடும் போர் தொடுக்காதவர்களையும் போர்க்கைதிகளுக்கு நிகராக உயர்த்தினார்கள். கடனைக் குறித்த 'துண்டு' துரையவர்களின் திருக்கரத்திலிருந்து கிடைத்தாலன்றித் தோட்டம் மாற முடியாது. 1921 வரை நின்ற அந்தக் காகிதத்துக்கு முட்கம்பியும் வேண்டாம், காவலரும் வேண்டாம். என்னே சிக்கனம்!

பதிவேட்டுச் சிறப்பையும் சொல்லியாக வேண்டும். போயர் கைதிக்குப் பேர், வயது, ஊர், பிடிபட்ட இடம் என்று ஒரு முறைதான் எழுதினார்கள். கல்லில் இன்றும் அந்தப் பேர் கிடக்கிறது, பாவம், மாறாமல். எங்களுக்கோ விடியற்காலைப் பிரட்டில், ஆள்கணக்கெடுக்கையில், நாள்தோறும் புதுப்பேர்; ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர்! கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாள் கூலியாய் அரைப்பேர். மனிதனின் பேரைத் தராசில் நிறுத்துப் பாதியாக வகுத்துக் கொடுத்த நீதிமான்கள் வேறெங்குண்டு? செத்தால் செக்ரோல் பதிவேட்டில் ஒரு கோடு. கல்லும் வேண்டாம், தச்சனும் வேண்டாம்.

என் பூட்டனார் கவ்வாத்துக் கத்தியைக் கைவிடாமல் உச்சிப்பொழுதில் மலையிலேயே சாய்ந்தார் என்று அப்பாயி சொல்வார். நாள் வேலையை முடிக்காமல் போனவர்தான். ஆனாலும் துரையவர்கள் பெருந்தன்மையில் குறை வைக்கவில்லை. அன்றைக்கு அரைப்பேர் போட்டுவிட்டுத்தான் கோடு கிழித்தாராம்.