புறத்திணையும் பக்கத்து வீட்டுச் செம்பருத்தியும்

ஆய்வின் தேவை

வீட்டுத் தோட்டம் பற்றி எழுதுவோர் எல்லோரும் செடியைத் 'தேர்ந்தெடுப்பதில்' தொடங்குகிறார்கள். வெயில் எத்தனை மணி நேரம், மண் எப்படி, பூ என்ன நிறம் என்று கட்டம் போட்டு எழுதுகிறார்கள். களநிலவரம் வேறாக இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மதில்களை எட்டிப் பார்த்தபடி நடந்தால் (இதுவே இவ்வாய்வின் முறையியல்; சற்று நாய்க்கடி அபாயம் உண்டு) வீட்டுக்கு வீடு ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது. சிவப்புச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, இட்லிப்பூ, ஓரத்தில் கல்வாழை, தொட்டியில் மழை லில்லி, ஜன்னல் கம்பியில் மணி பிளான்ட். இவற்றை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இவை வந்தன.

எப்படி வந்தன என்பதே கேள்வி. வீட்டுத் தோட்டத்தில் நிலைக்கும் செடி பெரும்பாலும் நர்சரியில் காசு கொடுத்து வாங்கியதன்று, மதில் தாண்டி வந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கோட்பாட்டுச் சட்டகம்

இதற்கான கோட்பாடு தமிழில் ஈராயிரம் ஆண்டுகளாகத் தயாராக இருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் போரின் கட்டங்களுக்குச் செடிகொடிகளின் பெயரைச் சூட்டியது. முதல் திணை வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது அதன் பொருள். வெட்சி என்பது வேறொன்றுமில்லை, நம் வாசலில் நிற்கும் அதே இட்லிப்பூ. ஒரு தோட்டப் புதரின் பெயரைத் திருட்டுக்கு வைத்த இலக்கண மரபு எதையோ அறிந்தே வைத்திருக்க வேண்டும். உரையாசிரியர்களான இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் கிளை திருடுவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

தொல்காப்பியத்தில் புறத்திணைகள் ஏழு. புறப்பொருள் வெண்பாமாலையில் பன்னிரண்டு. எங்கு எது தோதாக இருக்கிறதோ அங்கு அதை எடுத்துக்கொள்வது ஆய்வுலகின் பழைய வழக்கம். இங்கும் அப்படியே.

1. வெட்சி: கவர்தல்

வெட்சி வீரர் புறப்படுமுன் விரிச்சி கேட்பர். அதாவது, தற்செயலாகக் காதில் விழும் சொல்லை நிமித்தமாகக் கொள்வர். தோட்டக்கலையில் இது பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறதா என்று காது கொடுப்பதாகச் சுருங்கிவிட்டது. திணையின் உட்பிரிவான துறைகளில் இன்னொன்று வேய், அதாவது ஒற்றறிதல். "உங்க செம்பருத்தி என்னமா பூக்குது மாமி! என்ன உரம் போடறீங்க?" என்று காம்பவுண்டுக்கு வெளியே நின்று விசாரிப்பது வேயின்பாற்படும்.

மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் பணம் சேரும் என்ற நம்பிக்கை இத்திணையின் நடுநாயகம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் தாவரவியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரெஞ்சு பாலினீசியாவின் மொரேயா தீவில் தோன்றிய இக்கொடி அநேகமாகப் பூப்பதே இல்லை. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரிவர வேலை செய்வதில்லை என்று 2016இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூ இல்லையேல் விதை இல்லை. ஆகவே ஹார்லிக்ஸ் பாட்டிலில் தொங்கும் ஒவ்வொரு மணி பிளான்டும் எப்போதோ, எங்கோ, யாரிடமிருந்தோ ஒடித்து வந்த துண்டின் துண்டு. திருட்டு அல்லது தானம் தவிர அதற்கு வேறு பிறப்பு வழி கிடையாது. பணம் சேருமா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

செம்பருத்திக்கும் கிட்டத்தட்ட இதே கதை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் 'சீன ரோஜா' என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார். நம் வீடுகளில் உள்ள வகைகள் பெரும்பாலும் காய்ப்பதில்லை, கிளையால்தான் பெருகுகின்றன. அடுக்கு நந்தியாவட்டையில் காய் பார்த்தவரும் அரிது.

2. நோயின்று உய்த்தல்: கிளை நடும் இயல்

கவர்ந்த பசுக்களுக்கு வழியில் துன்பம் நேராமல் ஓட்டி வருவதை 'நோயின்று உய்த்தல்' என்று தனித் துறையாகவே வைத்தார்கள். கிளைக்கு இது இன்னும் பொருந்தும். வேரில்லாத கிளையால் போதிய நீரை உறிஞ்ச முடியாது, ஆனால் இலைகள் வழியே நீரை விட்டுக்கொண்டே இருக்கும். கிளை செத்துப்போவது பெரும்பாலும் இந்தக் கடன் கணக்கால்தான்.

எனவே பென்சில் கனமுள்ள, இளசும் முற்றலும் இல்லாத நடுத்தரத் தண்டு வேண்டும். நீளம் 15 முதல் 20 செ.மீ.; குறைந்தது மூன்று கணுக்கள். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். வேர் அங்கிருந்துதான் எளிதில் கிளம்பும். நுனியில் இரண்டு இலை போக மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். பூ, மொட்டு எதுவும் இருக்கலாகாது. நிழலில், நீர் தேங்காத மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி நட்டால் செம்பருத்தி ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிடும். நடுவில் பிடுங்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளும் வழக்கம் ஆய்வு மனப்பான்மைக்கு நல்லது, கிளைக்கு நல்லதல்ல.

கேட்டு வாங்கிய கிளை பட்டுப்போகிறது, திருடிய கிளை தழைக்கிறது, ஏன்? கேட்டால் கொடுப்பவர் தாராள மனத்தோடு, பூவும் மொட்டுமாக முழங்கை நீளக் கிளையை வெட்டித் தருகிறார். அது பிளாஸ்டிக் பையில் ஏறி, வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இரண்டு நாள் குடியிருக்கிறது. திருடுபவரோ அவசரத்தில் கைக்கு அடக்கமான சிறு கிளையை, அடிப்பட்டை சிறிது ஒட்டி வரும்படி கிழித்து எடுக்கிறார். பட்டையோடு வரும் அப்படிப்பட்ட துண்டு பல செடிகளில் நன்றாகவே வேர்விடும். சாட்சியத்தை மறைக்கும் பதற்றத்தில் அடுத்த ஐந்து நிமிடத்தில் அது மண்ணுக்குள் போய்விடுகிறது. கிளைக்கு உதவுவது பாவம் அல்ல, வேகம்.

கொண்டு வந்ததைப் பங்கிடும் துறை பாதீடு. நாத்தனாருக்கு ஒன்று, அலுவலகத் தோழிக்கு ஒன்று.

3. கரந்தை: மீட்டல்

பறிபோன நிரையை உரியவர் மீட்பது கரந்தை. தெருவில் இது பத்து வருடம் கழித்து நடக்கும். பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போது தாய்ச்செடி ஜேசிபிக்கு இரையாகிவிடும். கட்டி முடித்ததும் அந்த வீட்டம்மாள் வெட்கப்படாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "எங்க செம்பருத்தில ஒரு குச்சி குடுங்க" என்பார். 'எங்க' என்ற சொல் இங்கே சட்டப்படியும் அறிவியல்படியும் சரி. கிளையால் வந்த செடி தாயின் பிள்ளை அன்று, தாயே தான். மரபணு மாறாத நகல். ஒரே தாயிடமிருந்து கிளை போன வீடுகளில் எல்லாம் நிற்பது ஒரே செடி. இடையில் மதில்கள் மட்டும் குறுக்கிடுகின்றன.

4. நொச்சி: மதில் காத்தல்

கோட்டை மதிலைக் காப்பது நொச்சி. இதிலும் முன்னோர் குறி தவறவில்லை. நொச்சி இன்றும் வேலிச்செடிதான். ஆடு மாடு அதை விரும்பித் தின்னாது, கிளையை ஊன்றினாலே தழைக்கும், சளி பிடித்தால் இலையைப் போட்டு ஆவி பிடிக்கலாம். கொசுவுக்கு எதிராகச் சென்னை மாநகராட்சியே நொச்சிக் கன்றுகளைக் கொடுத்தது உண்டு.

மதிலை முற்றுகையிடும் உழிஞையார், விடியற்காலை ஐந்தரைக்குத் தொரட்டியும் கேரி பேக்கும் ஏந்தி வரும் நடைப்பயிற்சியாளர்கள். சாமிக்குப் பூப் பறிப்பது திருட்டில் சேராது என்பது அவர்களுடைய உரை. மாற்று உரை வைத்திருப்பவர் நந்தியாவட்டையை மதிலிலிருந்து நான்கடி உள்ளே தள்ளி நடுவது நலம்.

இட்லிப்பூவுக்கும் இதே அறிவுரை, காரணம் வேறு. மதிலோரம் சிமெண்ட்டும் சுண்ணாம்பும் கட்டட இடிபாடும் கிடப்பதால் மண் காரமாகிவிடும். காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தும் இட்லிப்பூவால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை வெளுக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் இரும்பு உப்பைக் குறைந்த அளவில் நீரில் கரைத்து விடுவது ஒரு பரிகாரம். முதலிலேயே தள்ளி நடுவது அதைவிட மலிவு.

5. வஞ்சி: மண்ணாசை

மண் வேட்கையால் படையெடுப்பது வஞ்சி. கிழங்கினச் செடிகள் அனைத்தும் வஞ்சியார். இவற்றை எல்லாம் தமிழில் கிழங்கு என்று ஒரே வாயாகச் சொல்லிவிடுகிறோம், தாவரவியல் ஒப்பாது. நல்லவேளையாக விளக்கம் சமையலறைக் கூடையிலேயே இருக்கிறது. நிலச்சம்பங்கியும் மழை லில்லியும் வெங்காயத்தின் சாதி, உரித்தால் அடுக்கடுக்காக வரும். கல்வாழை இஞ்சியின் சாதி, மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டு. கிளாடியோலஸ் சேப்பங்கிழங்கின் சாதி, உள்ளே கெட்டி. வெங்காயச் சாதியில் பொதுவாகத் தட்டையான அடிப்பக்கம் கீழே, கூர்முனை மேலே. இஞ்சிச் சாதியைப் படுக்கப்போட்டால் போதும்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கல்வாழையைத் தொட்டிக்கு வெளியே விட்டவர்கள் இரண்டு வருடத்தில் துணி காயப்போட இடம் தேடுவார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த நிலச்சம்பங்கி அத்தனை பேராசைக்காரி அல்ல. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கை, தோண்டியதும் ஒரு மாதம் நிழலில் ஓய்வெடுக்க விட்டு, ஜூன், ஜூலையில் நட வேண்டும். ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். பிறகு அதைச் சுற்றி வரும் குட்டிகள் பொறுப்பேற்கும். மழை லில்லி வறண்ட மண்ணில் நல்ல மழை விழுந்த சில நாட்களில் தானே எழுந்து நிற்கும்.

6. காஞ்சி: நிலையாமை

தொல்காப்பியத்தில் காஞ்சி, உலகின் நிலையாமையைச் சொல்லும் திணை. நர்சரி ரோஜா இதற்கு எடுத்துக்காட்டு. ஐந்து மொட்டோடு வாங்கி வருவோம், ஐந்தும் பூக்கும், ஆறாவது வராது. பல கன்றுகளின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகிக் கிடக்கும், நீர் உள்ளே இறங்காது. நடுமுன் வாளி நீரில் ஊறவைத்து மெல்லக் கரைத்துத் தளர்த்த வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் ஓங்கி வளர்கிறதே என்று மகிழ்பவர், தாம் வாங்கிய ரோஜாவை அல்ல, அதன் வேர்க்கன்றைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

டூலிப் இன்னும் ஆழமான காஞ்சி. பூக்க மூன்று மாதத்துக்கு மேல் கடுங்குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் 2007இல் திறந்த டூலிப் தோட்டத்துக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. விழுப்புரத்தில் ஃபிரிட்ஜ்தான் கதி. அங்கும் ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தால் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும்.

ஃபுட்பால் லில்லி போலிக் காஞ்சி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது, கோடையில் சிவப்புப் பந்தாக ஒரு முறை பூத்துவிட்டு, பின்னர் இலையெல்லாம் உதிர்த்து மாதக்கணக்கில் காணாமல் போகும். செத்துவிட்டது என்று முடிவு கட்டித் தொட்டியில் கொத்தமல்லி விதைப்போர் கொலைக்குற்றவாளிகள்.

தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளும் ஆண்டுதோறும் இப்படி மண்ணுக்குள் ஒளியும். அதன் கிழங்கு கலப்பை போல் வளைந்திருக்கும். முளை நுனியில்தான் இருப்பதால் நுனி ஒடிந்தால் அவ்வளவே. கிழங்கில் கோல்சிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இதையும், எல்லாப் பாகமும் நஞ்சான அரளியையும் நடாமலிருப்பதே நல்லது. இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் கேலி கிடையாது.

7. தும்பையும் வாகையும்

இரு படையும் நேருக்கு நேர் மோதுவது தும்பை. எதிரி மாவுப்பூச்சி. இந்தியாவில் முதன்முதலாக 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் செம்பருத்தியையும் வெள்ளையடித்தது. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது. வீட்டளவில் செய்யக்கூடியது, நுனியில் நாலு பூச்சி தெரியும்போதே குழாய் நீரைப் பீய்ச்சி அடிப்பதும், எறும்பைத் தடுப்பதும். மாவுப்பூச்சி கசியவிடும் தேன்நீருக்காக எறும்பே அதற்கு மெய்க்காப்பாளன்.

வெற்றிக்குரிய வாகை, முதல் பூ மலர்ந்த காலையில் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நிகழ்கிறது. செம்பருத்தி ஒரு நாள் பூ என்பதால் மாலைக்குள் பாராட்டி முடித்துவிட வேண்டும். புகழ்பாடும் திணையான பாடாண் அதுவே.

முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் நிறுவப்பட்டது. நர்சரிக்குப் போகுமுன் பக்கத்து வீட்டு மதிலை எட்டிப் பார்ப்பதே சிறந்த மண் பரிசோதனை. அங்கே தழைப்பது இங்கேயும் தழைக்கும், மண்ணும் நீரும் வெயிலும் ஒன்றுதானே. மழை தொடங்கியதும் போய், பென்சில் கனத்தில் ஒரு குச்சி கேட்கலாம். கேட்டு வாங்கினாலும் பிடிக்கும், அன்றைக்கே நட்டால். நடும்போது எது அடி, எது நுனி என்று பார்த்துக்கொள்ளவும். வேர்விடத் தூண்டும் ஆக்சின் நுனியிலிருந்து அடியை நோக்கியே இறங்கும். தலைகீழாக நட்டாலும் அது பழைய அடியை மறப்பதில்லை. அடிவெட்டைச் சாய்வாகவும் நுனிவெட்டை நேராகவும் வெட்டிக்கொண்டால் குழப்பம் வராது.