சொந்த வீடு மாதிரி

வாடகையைக் கூட்டுவதற்குக் காரணம் கேட்டால் சாமான் விலை, டொலர், வரி என்று ஏதாவது சொல்வார்கள். கேட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கார ஐயா போன கிழமை வாசலில் நின்று ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன காரணம் இது: "வீடு இப்ப நல்லா இருக்குதானே தம்பி."

நல்லாத்தான் இருக்கிறது. யார் காசில்? கேள்வி தொண்டை வரை வந்தது. "சரிங்க ஐயா" என்றுதான் வெளியே வந்தது. குடிவந்த அன்று இதே ஐயாதான், "சொந்த வீடு மாதிரி நினைச்சு இருங்க, ஆணி மட்டும் அடிச்சிராதீங்க" என்றவர். அப்போது சாய்ந்தால் சட்டையில் மாவாக ஒட்டும் பச்சை டிஸ்டெம்பர். அதைச் சுரண்டி, ஃபில்லர் வைத்து, தேய்த்து, இரண்டு கோட் அடித்தோம். காலண்டர் இன்னும் பிரிட்ஜில்தான் ஒட்டியிருக்கிறது.

கண்டியில் வாடகை வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு உபயோகமாக ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்: பூஞ்சணம் பிடிக்கிற பின்சுவருக்கு என்ன பூசுவது. அம்பிட்டியப் பக்கத்து வீடுகளின் லட்சணம் தெரியுமே. மலையை வெட்டி, வெட்டிய மண்ணோடு ஒட்டிக் கட்டியவை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் அந்தச் சுவர் வழியாகத்தான் உள்ளே வரும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளித்து எழும். பெயின்ட் பாஸ் ஒரு கொப்புளத்தை நகத்தால் குத்தினார். தண்ணீர் வந்தது. "சார், இது பெயின்ட் வேலை இல்ல, மலை வேலை" என்றார். அன்றைய நாள் கூலியை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்தவன் வீட்டை அலங்கரிக்கிற வியாதி எனக்கு மட்டும் வந்ததல்ல. கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நாயக்க வம்சம் 1739இல் ராணியின் சகோதரன் என்ற உரிமையில் இந்த ஊர்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தது. சகோதரி வாழப்போன வீட்டில் மச்சான் தங்கிவிட்ட கதை. இவர் 1798இல் பட்டத்துக்கு வந்தார். வந்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். தலதா மாளிகைக்கு முன்னால் எண்கோண மண்டபம் எழுப்பினார். போதவில்லை. 1807இல் வயலாகக் கிடந்த இடத்தை வாவியாக்கத் தொடங்கினார். வாவி மொட்டையாக இருக்கலாமா? மேகம் போல நெளிந்த மதில். மதில் வெறுமையாக இருக்கலாமா? விளக்கு வைக்க முக்கோண மாடங்கள். நடுவில் தீவு. தீவு சும்மா கிடக்கலாமா? ராணிமாருக்கு ஒரு மண்டபம். கூப்பிட்ட குரலுக்கு தேவேந்திர மூலாச்சாரி என்ற பெரிய பாஸ் வேறு. எனக்கு இந்த ஆளை நன்றாகப் புரிகிறது. ஹால் முடிந்ததும் படுக்கையறை பழசாகத் தெரியும். படுக்கையறை முடிந்ததும் கதவு.

மதில் முடியவில்லை. 1815இல் ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். மார்ச் 2ஆம் தேதி பிரதானிகள் வெள்ளைக்காரனோடு ஒப்பந்தம் எழுதினார்கள். குடியிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்த செலவைக் கழித்துக் கொடுத்ததாகவும் தெரியவில்லை. வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே செத்தார். வேலூரிலும் ஜன்னலுக்கு என்ன திரை போடலாம் என்று யோசித்திருப்பார், பாவம். அடுத்துக் குடிவந்தவர்களோ ராணிமார் மண்டபத்தில் வெடிமருந்தைக் கொண்டுபோய் அடுக்கினார்கள். நாங்கள் போனபிறகு எங்கள் ஹாலில் என்ன அடுக்குவார்களோ.

மதில் இன்றும் அரைகுறையாகத்தான் நிற்கிறது. வாவிக்கரையால் நடக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவருக்காக அல்ல.

பின்சுவருக்கு வருவோம். பாஸ் சுண்ணாம்பு என்றார். அது ஈரத்தை மூச்சுவிட வைக்குமாம். ஹார்ட்வெயார்க் கடைக்காரர் வாட்டர்ப்ரூப் என்று ஒரு வாளியைக் காட்டினார். விலையைப் பார்த்ததும் மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தது எனக்கு. மனைவி, "அலுமாரியை அந்தப் பக்கம் தள்ளி வைங்க, யாருக்கும் தெரியாது" என்றாள். தள்ளி வைத்தோம். இப்போது அலுமாரியின் முதுகிலும் பூஞ்சணம். அதற்கு என்ன பூசுவது என்று கேட்கலாமென்றால் பாஸ் போனை எடுக்கிறாரில்லை.