என்னை இத்தனை கவனித்தவர் யாருமில்லை

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மா கூப்பிட்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தேன். அம்மா பேசிக்கொண்டிருந்த அதே கருவியில் என் கட்டைவிரல் வேறொரு பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. நடுநடுவே "ம்", "சரிம்மா", "அப்படியா" என்றேன். ஒரு கட்டத்தில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள்.

"வேலையா இருக்கறாப்பல இருக்குது கண்ணு. உனக்கு எத்தன வேலயோ, அதுலயும் வாரம் தவறாம எங்கிட்டப் பேசறயே, அதுவே பெருசு. நீ பாரு. நான் அப்பறமேட்டுக்குக் கூப்படறேன்."

அம்மாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. மனமாரத்தான் பாராட்டினாள். எத்தனையோ முறை அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்தப் பாராட்டைப்போலச் சுட்டதில்லை. பதினோரு வருடமாக நான் இருந்துவந்த அந்தச் சமூக ஊடகத் தளத்தை விட்டுப் போய்விடலாமா என்று அன்று இரவுதான் முதல்முறையாகத் தீர யோசித்தேன்.

விட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் திட்டிவிட்டுத்தான் போவார்கள். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று நீளமாக எழுதுவார்கள். கோபம் நாலு நாளில் ஆறிவிடும், திரும்பி வந்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வேண்டாமென்று பட்டது. அம்மா என்னைச் சொன்னதுபோல, அந்தத் தளத்திடம் உள்ளதை உள்ளபடி மெச்சிப் பார்க்கலாம். மெச்சி முடித்த பிறகும் இருக்கத் தோன்றினால் இருந்துவிடலாம்.

முதலில் சொல்லவேண்டியது அதன் கவனம். எந்தப் படத்தின் முன்னால் நான் மூன்று நொடி கூடுதலாக நின்றேன், எதைக் கடைசிவரை பார்த்தேன், எதைப் பாதியில் தள்ளிவிட்டேன் என்பது என்னோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதற்குத் தெரியும். கூடப் படித்த ஒருவனின் புதுமனை புகுவிழாப் படங்களை ஒருநாள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க வீடு கட்டியவர்கள், மனை வாங்கியவர்கள், வீட்டுக்கடன் விளம்பரங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. நான் பொறாமைப்பட்டேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கே அதை ஒப்புக்கொள்ள நாளாயிற்று. சொல்லாமலே புரிந்துகொண்டது அது. பெற்றவளுக்குத்தான் சொல்லாமல் பசி தெரியும் என்பார்கள். இதற்கு என் புண் இருக்கும் இடம் தெரிந்திருந்தது. மறக்காமல் நாள்தோறும் அங்கேயே தொட்டது.

இந்தக் கவனத்துக்குப் பின்னால் பெரிய மூளைகளின் உழைப்பு இருக்கிறது. நம் ஊர்ப் பந்தியில் மோர் வந்துவிட்டால் சாப்பாடு முடியப்போகிறது என்று குழந்தைக்கும் தெரியும். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, நாவலில் அத்தியாயம் முடியும் இடம் உண்டு. மென்பொருள் வடிவமைப்பாளர் அசா ராஸ்கின் 2006-இல் உருவாக்கிய, தள்ளத் தள்ளப் பக்கம் தீராத முடிவில்லா உருட்டலில் மோர் வருவதே இல்லை. இலை காலியாவதற்குள் அடுத்தது விழுகிறது. எழுந்திரு என்று ஒருமுறைகூடச் சொல்லாத இப்படியோர் உபசரிப்பை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் கண்டதில்லை. அதைச் செய்ததற்காக ராஸ்கின் பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். அவர் வருந்தத் தொடங்கியபோது உலகத்தில் கோடிக்கணக்கானோர் பந்தியில் உட்கார்ந்தாயிற்று.

உளவியலாளர்களான ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். கூண்டுக்குள் புறா, அது கொத்தினால் தானியம் விழும். இத்தனை நேரத்துக்கு ஒருமுறைதான் விழும் என்று பழகிய புறா நடுவில் இளைப்பாறுகிறது. எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாத புறாவோ ஓயாமல் கொத்துகிறது. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 'லைக்' பொத்தானைக் கொண்டுவந்தது. அதன்பின் மற்றத் தளங்களும் அதே வழியில் போயின. நான் ஒரு படம் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்ப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. மறுபடி பார்ப்பேன், இரண்டு இருக்கும். மாலையில் திடீரென்று இருபது இருக்கும். ஆய்வுக்கூடத்தில் இருந்த ஓர் உண்மையைக் கோடிக்கணக்கான கைகளில் கொண்டுபோய்ச் சேர்த்ததை, அறிவியலின் சாதனை என்று சொல்ல நான் தயங்கவில்லை. அந்தக் கூண்டில் நான் இருந்தேன் என்பதால் அது சாதனை இல்லை என்றாகிவிடாது.

இதை உருவாக்கியவர்களை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களில் சிலர் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் பேணியவர்கள். ஃபேஸ்புக்கின் வளர்ச்சிப் பிரிவை ஒருகாலத்தில் நடத்தியவர் இலங்கையில் பிறந்த சமத் பலிஹாபிட்டிய. தன் குழந்தைகளுக்கு இதை அனுமதிப்பதில்லை என்று 2017-இல் மேடையில் சொன்னார். 'லைக்' பொத்தானை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜஸ்டின் ரோசன்ஸ்டீன், தன் போனில் தானே புதுச் செயலி எதையும் இறக்க முடியாதபடி உதவியாளரைக்கொண்டு பூட்டுப் போட்டுக்கொண்டார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவரான ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தேதான் பயன்படுத்திக்கொண்டோம் என்று அதே ஆண்டு ஒளிக்காமல் சொன்னார். தான் சமைத்தது எப்படிப்பட்டது என்று தெரிந்து, அதைத் தன் வீட்டு இலையில் பரிமாறாதவரின் பொறுப்புணர்ச்சி உண்மையானது. அதில் கால்பங்கு எனக்கு இருந்திருந்தால், என் அக்கா மகன் ஏழு வயதில் என் போனைக் கேட்டு அழுதபோது கொடுத்திருக்கமாட்டேன்.

சமூக ஊடகங்கள் செய்த நல்லதைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்ததாகும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கிக் கிடந்தபோது, எந்தத் தெருவில் யார் மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், படகு எங்கே இருக்கிறது, எந்த மண்டபத்தில் சோறு வேகிறது என்று முன்பின் அறியாதவர்கள் அவற்றின்வழியே சேதி சேர்த்தார்கள். அப்படிப் போன சேதிகளால் பிழைத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்களுக்குத் தலைவர் என்று ஒருவர் இல்லை. அழைப்பு போனில் வந்தது, அவ்வளவுதான்.

அந்த வேகத்தை அவை யாருக்கும் மறுத்ததில்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடக் காரில் போன ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் வழியில் நின்றது. கூட வந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தது. அவர் இறந்துபோனார். படகு இருக்கும் இடத்தைச் சுமந்துபோன அதே நேர்த்தியோடுதான் அந்தப் பொய்யும் சுமந்துபோகப்பட்டது. வழியில் எங்கும் அது தடுக்கி விழவில்லை, ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் எல்லை வைத்தது. எல்லை வைக்க முடியும் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

கோபத்துக்கு நம் சமூகத்தில் பெரிய மரியாதை கிடையாது. கோபக்காரன் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அந்தக் குறையை ஃபேஸ்புக் போக்கியது. 2017-இலிருந்து, ஒரு பதிவுக்குக் கிடைக்கும் கோபமுகம் முதலான உணர்ச்சிக் குறிகளுக்கு வெறும் 'லைக்'கைப்போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து, அதைக்கொண்டு யாருக்கு எதைக் காட்டுவது என்று கணக்கிட்டது. கோபத்தின் மதிப்பு பூஜ்யம் ஆவதற்கு 2020 ஆயிற்று. இந்த விவரங்கள், ஃபிரான்சிஸ் ஹௌகன் என்ற முன்னாள் ஊழியர் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களால் 2021-இல் தெரியவந்தவை. அதே நிறுவனம் நடத்தும் இன்ஸ்டாகிராம், பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல்பற்றிய வேதனையை அதிகமாக்குகிறது என்ற குறிப்பும் அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வில் இருந்ததுதான். வெளியாரைவிடத் துல்லியமாகத் தங்களை அளந்து பார்த்து, எழுதியும் வைத்திருந்தார்கள். தன்னை அறிவது எல்லா நிறுவனத்துக்கும் வாய்ப்பதில்லை.

அந்தத் தளம் என்னிடம் பணமும் கேட்டதில்லை. பதினோரு வருடத்தில் ஒரு ரூபாய்கூட நான் கட்டியதில்லை. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 16,450 கோடி டாலர். அது அநேகமாக முழுவதும் விளம்பரக்காரர்கள் கொடுத்தது. நான் என்ன கொடுத்தேன் என்பதை என் போனே கணக்கு வைத்திருந்தது. சராசரியாக ஒரு நாளைக்கு 2 மணி 50 நிமிடம். வருடத்துக்குப் பெருக்கினால் 1,034 மணி. பக்கத்தில் இன்னொன்றையும் எழுதிப் பார்த்தேன். அம்மாவோடு ஞாயிறுதோறும் இருபது நிமிடம். வருடத்துக்கு 17 மணி. அந்த 17 மணியிலும் எவ்வளவு நேரம் என் விரல் சும்மா இருந்தது என்பதற்குக் கணக்கு இல்லை.

அந்த ஞாயிறு கழிந்து பத்து நாள் ஆகியிருக்கும். அக்கா கூப்பிட்டு, "ஆபரேசனுக்கு நீ வரயா, நான் லீவு போடட்டுமா?" என்றாள். எந்த ஆபரேசன் என்று கேட்டேன். அம்மாவுக்குக் கண்புரை, தேதி குறித்தாயிற்று. "உங்கிட்டச் சொன்னதா அம்மா சொன்னாங்களே. நீயும் சரின்னு சொன்னயாமே?"

சொல்லியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான். நான் சரி என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தத் தளத்துக்கு நினைவிருக்கும். எந்தப் படம், எத்தனை நொடி என்று அது பத்திரமாக வைத்திருக்கும்.

அதற்குப் பிறகும் உடனே முடிவெடுத்துவிடவில்லை. போனால் இழப்பு உண்டு. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் தினமும் காலையில் தன் ஊர்க் குளத்துப் பறவைகளைப் படம் பிடித்துப் போடுவார். பெயரோடு, இரண்டு வரி விவரத்தோடு. நாமக்கோழியை எனக்கு அடையாளம் காட்டியவர் அவர். பினாங்கில் இருக்கும் சித்தப்பா பேத்திக்கும் எனக்கும் வேறு தொடர்பு கிடையாது. அமெரிக்காவில் ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ முதலான பொருளியலாளர்கள் 2018 தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரம் பலருக்குப் பணம் கொடுத்து ஃபேஸ்புக்கை நிறுத்தச் செய்து பார்த்தார்கள். நாளுக்குச் சுமார் ஒரு மணிநேரம் மிச்சமாயிற்று, மனநிறைவு கொஞ்சம் கூடியது, அரசியல் செய்தி அறிவு குறைந்தது. கொஞ்சம்தான் கூடியது என்பதை மறைக்காமல் எழுதியிருந்தார்கள். பெரிய விடுதலை எதுவும் காத்திருக்கிறது என்று எனக்கும் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

பறவை ஆசிரியரிடம் போன் எண் கேட்டேன், உடனே கொடுத்தார். பினாங்குக்காரிக்குக் கடிதம் போட முகவரி வாங்கினேன். பிறகு கணக்கை அழிக்கும் பக்கத்துக்குப் போனேன். வழியனுப்பும்போதும் இத்தளங்களின் பரிவு குறைவதில்லை. கணக்கை நிறுத்த வருபவர்களுக்கு ஃபேஸ்புக் பல வருடம் அவர்களின் நண்பர்கள் படத்தை எடுத்துக் காட்டி, இவர்கள் உங்களைத் தேடுவார்கள் என்று சொல்லிவந்தது. அழித்துவிட்டவர் மனம் மாறித் திரும்புவதற்கு 14 நாள் கொடுத்து, 2018-இல் அதை 30 நாள் ஆக்கியது. நான் இருந்த தளமும் முப்பது நாள் கொடுத்தது. கோபித்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு மாதம் கதவைத் திறந்து வைத்திருக்க எந்த உறவுக்கு மனம் வரும்? இருபது நிமிடம் பேச வந்த அம்மாவுக்கு நான் அதைக்கூடத் திறந்து வைக்கவில்லை.

முதல் வாரம் விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போயிற்று. செயலி இருந்த இடத்தில் இப்போது பஞ்சாங்கம் இருந்தது. ஒரு நாளில் எத்தனை முறை ராகுகாலம் பார்த்தேன் என்று சொல்வதற்கில்லை.

அம்மாவின் ஆபரேசனுக்கு நானே போனேன். இரண்டு நாள் இருந்து சொட்டு மருந்து விட்டேன். சென்னைக்குத் திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, முப்பது நாளில் பத்தொன்பதாவது நாள், நானே கூப்பிட்டேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு முருங்கை மரம் காற்றில் முறிந்து எங்கள் தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்ததை அம்மா சொன்னாள். யார் வந்து வெட்டினார்கள், எத்தனை கட்டுக் கீரை தேறியது, யார் யார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள், அதில் ஒருத்தி வாங்கிக்கொண்டு என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கடுகு டப்பாவின் மேல் இருக்கும் எழுத்து இப்போது தெளிவாகத் தெரிகிறதாம். நான் கேள்வி கேட்டேன், அவள் பதில் சொன்னாள். நாற்பது நிமிடம் தாண்டியிருக்கும். சட்டென்று அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, இன்னிக்கி உனக்கு வேல இல்லயா? வேலைல ஒண்ணும் பிரச்சன இல்லையே?"