மின்னஞ்சல் பேணும் மரபு: பசுமலைச் சான்றுகளுடன்

பழைய மின்னஞ்சல்களைக் கணினிக்கு வெளியே உள்ள ஒரு பெட்டியில் படியெடுத்து வைக்கும் செயல் 'பேக்கப்' எனப்படும். அப்பெட்டி நூல்களில் 'புறவன்தட்டு' என்றும், மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் 'எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்' என்றும், வீட்டில் உள்ள ஏனையோரால் 'அந்தக் கறுப்பு டப்பா' என்றும் வழங்கப்படும். இப்பணியை மேற்கொள்வோர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களே. வேலையில் இருந்த காலத்தில் அஞ்சல்களைப் படிக்க நேரமில்லாதிருந்த இவர்களுக்கு, ஓய்வுக்குப் பின் அவற்றைப் பாதுகாக்க நேரம் வாய்க்கிறது. படிப்பதற்கு அப்போதும் வாய்ப்பதில்லை. திருப்பரங்குன்றம் செல்லும் சாலையை ஒட்டிய பசுமலையில் தெருவுக்கு ஒருவராவது இத்தகையவர் இருப்பார் என்று கொண்டு, அவரைப் 'பசுமலைவாசி' என்ற பொதுப்பெயரால் இக்கட்டுரை குறிக்கும்.

படிக்காமலே காக்கும் இந்நோயின் தொடக்கம் 2004 ஏப்ரல் 1 ஆகும். 1996-இல் ஹாட்மெயில் தோன்றியபோது ஒருவருக்குக் கிடைத்த இடம் 2 எம்.பி. மட்டுமே என்பதால், புது அஞ்சல் வர வேண்டுமானால் பழையது போக வேண்டும் என்ற நியதி நிலவியது. அந்நியதியின்கீழ் எவரும் பேக்கப் எடுத்ததில்லை, எடுக்க ஏதும் எஞ்சியதுமில்லை. 2004-இல் ஜிமெயில் 1 ஜி.பி. தருவதாக அறிவித்தபோது, அது முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் எண்ணினர். வேடிக்கை அன்று என்று தெரிந்ததும் மக்கள் எதையும் அழிப்பதை நிறுத்தினர். பின்னர் அந்த இடம் 15 ஜி.பி. ஆக உயர்ந்து, அதில் பேரப்பிள்ளைகளின் புகைப்படங்களும் கணக்கில் சேர்க்கப்படவே, 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்னும் சிவப்பு எச்சரிக்கை பசுமலை வரை வந்து சேர்ந்தது.

எழுதியதைக் காப்பது பற்றிய கவலை மதுரை வட்டாரத்துக்குப் புதியதன்று. ஏடு ஒன்று தீயிலும் நீரிலும் தாங்குமா என்ற சோதனை, பெரியபுராணம் கூறுமாறு, பாண்டியன் முன்னிலையில் இங்கேதான் நடந்தது. ஞானசம்பந்தர் இட்ட ஏடு தீயில் பச்சையாகவே இருந்தது என்றும், வையையில் விடப்பட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் நின்றது என்றும், அமைச்சர் குலச்சிறையார் பின்தொடர்ந்து சென்று அதை மீட்டார் என்றும் அந்நூல் உரைக்கும். இன்று விற்கப்படும் எந்தப் புறவன்தட்டும் இவ்விரு சோதனைகளுக்கும் உடன்படாது. மேசையிலிருந்து தரையில் விழும் மூன்றாம் சோதனைக்கே அது தோற்கும். ஏனெனில் அதனுள் சுழலும் தட்டுக்கும், அதைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள வெளி தலைமயிரின் கனத்தைவிடப் பன்மடங்கு சிறியது. மீட்டுத் தர அமைச்சரும் வரமாட்டார்.

பசுமலைக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1845 முதல் பசுமலையில் ஓர் இறையியல் கல்விக்கூடத்தை நடத்தியது. இம்மிஷனைச் சேர்ந்த வாஷ்பர்ன் தலைமையில் 1881-இல் இங்கே தோன்றிய கல்லூரியே பிற்காலத்தில் நகருக்குள் இடம்பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரி ஆயிற்று. இம்மிஷனைச் சேர்ந்தோர் பாஸ்டனில் இருந்த தலைமைக் கழகத்துக்கு ஓயாது கடிதங்களும் அறிக்கைகளும் எழுதினர். அக்கழகத்தின் ஆவணங்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. எழுதியவர் பேக்கப் என்று கருதி எதையும் செய்யவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் படிக்கவும், கேள்வி கேட்கவும், பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் ஆள் இருந்ததால் அது காக்கப்பட்டது. கணக்குக் கேட்பவர் இருக்கும் இடத்தில் தாள் தொலைவதில்லை என்பது அரசு அலுவலகங்களில் பணியாற்றிய பசுமலைவாசியும் அறிந்த உண்மையே.

இனிச் செய்முறை. கூகுளின் 'டேக்அவுட்' என்னும் வசதி வழியாகக் கேட்டால், அஞ்சல்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த 'எம்பாக்ஸ்' என்னும் கோப்பு கிடைக்கும். அதைத் திறந்து காட்ட 'தண்டர்பேர்டு' போன்ற செயலி வேண்டும். பசுமலைவாசி முதலில் இக்கோப்பைத் தம்மிடமுள்ள 32 ஜி.பி. பென் டிரைவில் ஏற்ற முயல்வார். 'கோப்பு மிகப் பெரிது' என்று அது மறுக்கும். பென் டிரைவில் வழக்கமாக உள்ள 'ஃபேட்32' என்னும் அடுக்குமுறை 4 ஜி.பி.யைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதே இதற்குக் காரணமாயினும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற முடிவுக்கே அவர் வருவார். ஆகவே 1 டி.பி. பெட்டி ஒன்றை வாங்குவார். கணினி அதை 931 ஜி.பி. என்று காட்டும். செய்தவர் ஆயிரம் ஆயிரமாகவும் கணினி 1,024 ஆகவும் எண்ணுவதால் நேரும் இவ்வேறுபாட்டை, மதுரைச் சந்தைகளில் நெடுங்காலம் பேரம் பேசிய எவரும் விளக்கமின்றியே புரிந்துகொள்வர்.

இவ்வாறு காக்கப்படுவன யாவை என்று நோக்கின், வங்கி அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துகள், 2013-இல் மூன்று நிமிடம் மட்டுமே செல்லுபடியான ஓ.டி.பி. எண்கள், பாண்டியன் எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுபோன பயணச்சீட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட மகளுக்கு இன்னும் வரன் பார்க்கும் திருமணத் தளத்தின் நினைவூட்டல்கள் ஆகியவை பெரும்பகுதியாக அமையும். ஏட்டுச்சுவடி காலத்தில் இத்தகைய குவியல் இயலாதிருந்தது. ஓலை செல்லரித்துப் போகும் முன் ஒருவர் அமர்ந்து வரிவரியாக வாசித்து எழுதினால்தான் மறுபடி பிறக்கும். அவர் கண் அயர்ந்த இடத்தில் பாடபேதம் பிறந்தது. அதைக் கண்டு பிற்காலத்தில் உ.வே.சாமிநாதையர் போன்றோர் உழைக்க நேர்ந்தாலும், ஒரு மனிதர் படித்தார் என்பதற்கு அப்பிழையே சான்றாயிற்று. புறவன்தட்டில் பாடபேதம் இல்லை. அதற்கு ஈடாக 'மெயில் புதுசு', 'மெயில் புதுசு ஃபைனல்', 'மெயில் புதுசு ஃபைனல் 2' என்ற மூன்று கோப்புறைகள் உள்ளன. இவற்றுள் மூலபாடம் எது என்பதில் எதிர்கால ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு தோன்றுவது உறுதி.

படிக்காமல் காப்பதன் விளைவைத் தமிழ் மின்னஞ்சல்கள் தெளிவாகக் காட்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதப்பட்ட தமிழ் மடல்கள் 'திஸ்கி' முதலிய வெவ்வேறு எழுத்துக் குறியேற்றங்களில் இருந்தமையால், உரிய எழுத்துரு இன்றித் திறந்தால் அவை ஐரோப்பிய எழுத்துகளின் கலவரமாகத் தோன்றும். 1998 பொங்கலன்று கு.கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்', தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு மின்னாக்கி, திஸ்கியில் இருந்தவற்றை யூனிகோடுக்கும் மாற்றியது. வாசகர் கேட்டுக்கொண்டே இருந்ததால் அம்மாற்றம் நடந்தது. பசுமலைவாசியின் 2001-ஆம் ஆண்டு மடல்களை எவரும் கேட்கவில்லை.

சிதம்பரத்தில் தேவார ஏடுகள் பூட்டிய அறையில் இருந்ததாகத் திருமுறை வரலாறு கூறுவதும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றிக் கதவு திறவாது என்று சொல்லப்பட்டது. இன்றைய இருபடிச் சரிபார்ப்பினும் இது ஒரு படி கடுமையானது. மூவரின் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து மன்னன் அத்தடையைக் கடந்தான். ஆனால் உள்ளே பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. பூட்டு உறுதியாக இருந்தது, கடவுச்சொல்லும் களவு போகவில்லை. இடையில் ஒருமுறை திறந்து பார்க்க ஆளில்லை என்பதே குறை.

கணினி வல்லுநர்கள் கூறும் '3-2-1' என்னும் விதி, மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்று வகுக்கும். 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர் சிலரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் நிறுவனமே தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்துதான் அவற்றை மீட்டது. பசுமலைவாசிக்கு வேறிடம் என்பது திருநகரில் உள்ள மைத்துனர் வீடு. அங்கு எழும் ஒரே இடர், மைத்துனர் தம் மகளின் வளைகாப்பு வீடியோவுக்கு இடம் வேண்டிப் பெட்டியைச் சுத்தம் செய்துவிடக்கூடும் என்பதாகும்.

பெட்டியைச் சோதிக்கும் நாளையோ மரபே குறித்துத் தந்துள்ளது. சரசுவதி பூசையன்று நூல்களோடு கறுப்பு டப்பாவுக்கும் சந்தனம், குங்குமம் இடப்படுகிறது, யு.எஸ்.பி. துளையைத் தவிர்த்து இடுவது நன்று. மறுநாள் விசயதசமியில் நூலை எடுத்துச் சில வரிகளாவது படிக்க வேண்டும் என்பது விதியாதலின், பெட்டியையும் கணினியில் இணைத்துப் பத்து மடல்களைத் திறந்து படிப்பது பொருந்தும். பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று மைத்துனர் 2011-இல் பணிவுடன் கேட்ட மடலுக்கு இன்னும் விடை போகவில்லை என்பது அவ்வாறு படிக்கும்போதுதான் தெரியவரும். வேறிடத்துப் படி அவர் பொறுப்பில் இருப்பதால், அன்றே விடை எழுதிவிடுவது தொழில்நுட்ப அடிப்படையிலும் பரிந்துரைக்கத் தக்கது.