நாற்காலியில் நூர்பர்க்ரிங்

கசுனோரி யமாவுச்சியின் தலைமையில் உருவாகி 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டு, பல பந்தயங்களில் நுழைய ஓட்டுநர் உரிமத் தேர்வில் தேற வேண்டும் என்று விதித்ததன் மூலம், ஓய்வு நேரத்தையும் தேர்வுக்கூடமாக்கிய பெருமைக்குரியது. திரையில் கார் ஓட்டும் இக்கலையில் தேர்ச்சி பெற விழைபவர் முதலில் கற்க வேண்டியது வேகத்தை அன்று, வேகத்தைக் குறைப்பதையே. வளைவை நெருங்கும்போது பிரேக்கை வலுவாக அழுத்தி, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப அதைச் சிறுகச் சிறுக விடுவிக்கும் ‘டிரெயில் பிரேக்கிங்’ முறை, காரின் எடையை முன்சக்கரங்களின்மேல் நிறுத்திப் பிடிமானத்தைக் கூட்டுகிறது. எடையும் சக்கரமும் அறையில் இல்லாமை ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை.

இல்லாத டயரின் காற்றழுத்தத்தை நள்ளிரவில் புள்ளிக் கணக்கில் திருத்தும் இவ்வறிஞர், வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் டயரில் காற்று இறங்கிக் கிடப்பதைக் கண்டுகொள்ளாதது, கவனம் சிதறாமல் காக்கும் உயரிய ஒழுக்கமே ஆகும். அதிரும் ஸ்டியரிங்குக்கும், பாதத்தின் விசையை அளக்கும் பிரேக் மிதிக்கும், பந்தய இருக்கைக்கும் கொடுத்த பணத்தில் ஒரு பழைய காரே வாங்கியிருக்கலாமே என்று கேட்கும் குடும்பத்தினர், கார் வைத்திருப்பவரால் அவ்வளவு வேகமாக ஓட்ட இயலாது என்னும் அடிப்படை உண்மையை அறியாதவர்கள்.

ஐயமுடையோர் ஜெர்மனிக்கே செல்லலாம். இவ்வீரர்கள் வீட்டிலிருந்தபடியே மனப்பாடம் செய்துள்ள நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்குச் சுற்று, ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளமுடையது. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நாட்களில் அது வெறும் சுங்கச்சாலை. அங்கே பந்தயம் கூடாது, சுற்று நேரத்தை அளப்பதும் கூடாது. தடுப்புக் கம்பியை வளைத்தவருக்கு அதற்கான ரசீதும் வரும்.